பெஞ்சில் வைத்துவிட்டுப் போன அப்பா

ரோம் நகரத்தை மூன்றே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று ஒரோன்ஸோ அறிவித்தது ஈஸ்டர் விருந்தில், ஆட்டுக்கறித் தட்டுக்கு மேலாக முள்கரண்டியை நீட்டிக்கொண்டு. "எழுபத்தொம்போது வயசாச்சு, அப்பா இன்னும் ரோமைப் பார்த்ததில்ல. நமக்கெல்லாம் வெக்கமா இல்ல?" என்றான். மேஜையைச் சுற்றியிருந்த உறவுக்காரர்கள் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகு அவனுடைய அப்பா சவீனோ, "எனக்கு முழங்கால் வலி" என்றார். அது இளைய மருமகள் நுன்ஸியாவின் காதில் மட்டும் விழுந்தது. விழுந்து என்ன, அவளும் அடுத்த துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் ஊரான செரிஞோலாவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் ஒரோன்ஸோ துணை மேலாளர். மேலாளர் ஆகப்போவதில்லை என்பது அங்கே தரை துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும். அதனால் வீட்டில் மேலாளராக இருந்தான். பயணத்துக்கென்று ஓர் அட்டவணை அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஆளுக்கொன்று கொடுத்தான். மூன்று நாள், இருபத்துமூன்று இடம். நீரூற்றுக்குப் பதினொரு நிமிடம், அதில் புகைப்படத்துக்கு ஆறு. உட்காருவதற்கும் ஒன்றுக்குப் போவதற்கும் அட்டவணையில் இடமே இல்லை.

அவன் மனைவி லொரெதானா புதுச் செருப்பு போட்டு வந்து முதல் நாளே குதிகாலில் கொப்புளம் வாங்கிக்கொண்டாள். ஆனாலும் படத்தில் காலைத் தூக்கி நின்றாள். பதினாலு வயது மகள் நோயெமி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவர்களுக்குப் பின்னால் நுன்ஸியாவின் கணவன் ஃபெதேலே. ஒரோன்ஸோவின் தம்பி. நாற்பத்தாறு வயதாகியும், அண்ணன் சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்குப் பெயர்தான் சொந்தக் கருத்து என்று நம்பிக்கொண்டிருந்தவன்.

முதல் நாள் முழுவதும் நுன்ஸியா இவர்களை வேடிக்கை பார்த்தபடி நடந்தாள். ஒவ்வொரு தூணுக்கு முன்னாலும் ஒரோன்ஸோ நின்று பலகையில் எழுதியிருந்ததை உரக்க வாசித்தான். வாசித்து முடித்ததும், அதையெல்லாம் தானே பக்கத்தில் நின்று கட்ட வைத்த மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டான். படம் எடுக்கும்போது மட்டும், "அப்பா நடுவுல! அப்பாவை நடுவுல விடுங்க!" என்று கத்துவான். எடுத்து முடிந்ததும் எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். சவீனோ மட்டும் நடுவிலேயே நின்றுகொண்டிருப்பார், கைத்தடியோடு. கூட்டம் அவரை இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போகும்.

அவர் முப்பத்துநாலு வருஷம் செரிஞோலாவுக்கும் ஃபோஜ்ஜாவுக்கும் இடையே பேருந்து ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். நுன்ஸியா மருமகளாக வந்த இருபது வருஷத்தில் அவளிடம் அவர் பேசியதைச் சேர்த்து எழுதினால் ஒரு தபாலட்டை நிரம்பாது.

இரண்டாம் நாள் காலையில் அவருடைய வலது முழங்கால் வீங்கியிருந்தது. ஒரோன்ஸோ அதைப் பார்த்தான், அட்டவணையைப் பார்த்தான். "பிரச்சினையே இல்ல" என்றான். போப்பின் மியூசியத்துக்கு ஒன்றரை மணிக்குத்தான் அனுமதிச் சீட்டு. அதற்கு முன் ஆற்றங்கரைக் கோட்டையையும் பாலத்தையும் பார்த்துவிட வேண்டும். ரிசோர்ஜிமென்தோ சதுக்கத்தில் டிராம் வந்து திரும்பும் இடத்துக்கு எதிரே, மரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. சவீனோவை அதில் உட்கார வைத்து, ஒரு பக்கம் தண்ணீர் பாட்டிலும் மறுபக்கம் காகிதத்தில் சுற்றிய ரொட்டியும் வைத்தான்.

"ஒரு மணி நேரம்பா. ஜனங்களைப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க. இதுவும் ரோம்தானே!"

"என் போன் எங்க?" என்றார் சவீனோ.

"லொரெதானா பையில பத்திரமா இருக்கு. உங்ககிட்ட இருந்தா எவனாவது அடிச்சிட்டுப் போயிடுவான். இது செரிஞோலா இல்லப்பா."

கிளம்பினார்கள். நுன்ஸியா திரும்பிப் பார்த்தாள். கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். தெருமுனையில் மறுபடியும் பார்த்தாள். மூன்றாவது முறை பார்த்தபோது நடுவில் ஒரு டிராம் வந்து மறைத்துவிட்டது.

கோட்டையில் படி ஏறி இறங்கவே ஒன்றரை மணி நேரமாயிற்று. "மாமாகிட்ட ஒரு மணி நேரம்னு சொன்னோம்" என்றாள் நுன்ஸியா.

"அவர் என்ன கைக்குழந்தையா?" என்றான் ஒரோன்ஸோ.

"கைக்குழந்தையா என்ன?" என்றான் ஃபெதேலே.

அவள் கணவனின் முகத்தையே பார்த்தாள். இந்த வாயை நம்பி இருபது வருஷம் வாழ்ந்திருக்கிறோமே என்று தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் அவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட ஒவ்வொரு வசையும் அவளுக்கு ஒரு சுகத்தைக் கொடுத்தது. ஏதோ செய்துவிட்ட மாதிரி இருந்தது. பாலத்தில் ஆறு நிமிடத்துக்குப் பதிலாக இருபது நிமிடம் படம் எடுத்தார்கள். லொரெதானாவின் கொப்புளத்துக்காக ஒரு கடையில் உட்கார்ந்து, உட்கார்ந்ததுக்காகச் சாப்பிட்டார்கள். சதுக்கத்துக்குத் திரும்பியபோது மணி ஒன்று.

பெஞ்சில் யாரோ ஒரு பருத்த மனிதர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டில் அவர் காலடியில் கிடந்தது. சவீனோ இல்லை.

"போன் பண்ணு" என்றான் ஒரோன்ஸோ. ஃபெதேலே பண்ணினான். லொரெதானாவின் கைப்பைக்குள்ளிருந்து மணி அடித்தது. அவள் பதறிப்போய் அதை அமுக்கினாள், நாலு பேருக்கு நடுவில் ஏப்பம் விட்டவள் மாதிரி.

சதுக்கத்தை ஒருமுறை சுற்றினார்கள். பத்து நிமிடம் இருக்கும். அதற்குள் ஒரோன்ஸோ மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டான்.

"சரி, பதட்டப்பட வேணாம்" என்றான், பதட்டமே படாமல். "எங்க போயிடப் போறார், அந்த முழங்காலை வச்சுக்கிட்டு? இந்தச் சீட்டு நேரம் தப்பினா உள்ள விடமாட்டான். நுன்ஸியா, உனக்குத்தான் ஓவியம் கீவியம்லாம் பெருசா இஷ்டம் இல்லையே. நீ இங்கயே இரு. வந்ததும் ஒரு போன் போடு."

"உங்க அப்பா காணாமப் போயிருக்காரு."

"காணாமப் போகல. பெஞ்சுல இல்ல. அவ்வளவுதான்."

அவள் ஃபெதேலேயைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அண்ணனின் முதுகைப் பார்த்தான், அவளுடைய செருப்பைப் பார்த்தான். "சீட்டு வீணாப் போயிடும்ல, நுன்ஸியா?" என்று முனகிவிட்டுப் போனான். நோயெமி மட்டும் ஒருகணம் நின்றாள். "தாத்தாகிட்ட ஒரு மணி நேரம்னு சொன்னீங்கப்பா" என்றாள். ஒரோன்ஸோ அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

பத்திரிகைக் கடைக்காரம்மாளிடம் நுன்ஸியா விசாரித்தாள்.

"சாம்பல் தொப்பி, கைத்தடி? பன்னிரண்டு மணிக்கு முன்னாடியே எங்கிட்ட டிராம் சீட்டு வாங்கினாரே. நாள் முழுக்கப் போற சீட்டு. ஏறி உக்காந்தாரு, போனாரு. வந்தாரு, இறங்கவே இல்ல, மறுபடியும் போனாரு." அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க ஆளா?"

நுன்ஸியா டிராம் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். முதல் வண்டியில் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது வண்டி வளைந்து வந்தபோது, ஓட்டுநருக்கு நேர் பின்னால் ஜன்னலோரமாக அந்தச் சாம்பல் தொப்பி தெரிந்தது. வண்டி நின்றதும் எல்லாரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. அவள் ஏறினாள்.

"மாமா! உயிரே போயிடுச்சு எனக்கு."

"போன மாதிரி தெரியலையே" என்றார் சவீனோ. "உக்காரு. வண்டி கிளம்பப் போவுது."

உட்கார்ந்தாள். டிராம் ஆற்றைக் கடந்து, தோட்டங்களை ஒட்டிக் கீச்சிட்டுக்கொண்டு போயிற்று. ஓட்டுநரோடு பேசக்கூடாது என்று மேலே ஒரு பலகை தொங்கியது, சவீனோ பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருடைய வலது கால், வீங்கிய கால்தான், தரையில் லேசாக அழுந்தியது.

"இவன் பரவாயில்ல" என்றார். "காலையில வந்தவன் கசாப்புக்காரன். நின்னுக்கிட்டிருந்த பொம்பளைங்களையெல்லாம் உலுக்கி எடுத்துட்டான்."

"எங்ககிட்ட சொல்லாம வந்துட்டீங்களே மாமா."

"எப்படிச் சொல்றது? கத்தியா?" அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒரு மணி நேரம்னான். வரமாட்டான்னு தெரியும். அவன் பத்து வயசுல ரொட்டி வாங்கிட்டு வரேன்னு போவான், பொழுது சாயுற வரைக்கும் வரமாட்டான். வந்து, கடையில கூட்டம்னு சொல்லுவான். அவங்க அம்மா நம்புவா. நான் நம்பினதில்ல. இளையவன் அவனுக்குச் சாட்சி சொல்லுவான். இன்னிக்கும் சொன்னானா?"

நுன்ஸியா, "மியூசியத்துக்குள்ள போயிட்டாங்க" என்றாள். "சீட்டு வீணாயிடுமாம்." இதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு ஆவல் இருந்தது. இந்தக் கிழவரும் தன்னோடு சேர்ந்து அவர்களைக் காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தாள்.

சவீனோ தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஒரு பழைய கோட்டை வாசலைக் கடந்த பிறகு கேட்டார்:

"காலையில நீ எத்தனை தடவை திரும்பிப் பாத்தே?"

"என்ன மாமா?"

"என்னை உக்கார வச்சிட்டுப் போனீங்களே. மூணு தடவை திரும்பினே. நடுவுல வந்த டிராம் ஜன்னல் வழியா உன் முகத்தைப் பாத்தேன்."

"மனசு கேக்கல மாமா. அதான்..."

"கேக்கலேன்னா நின்னிருக்கணும்." அவர் குரல் ஏறவில்லை. "அவங்க திரும்பவே இல்ல. அவங்களுக்கு நான் பெஞ்சுல வச்ச ஒரு பை. அவங்களுக்கு உறைக்காது, மரக்கட்டைங்க. உனக்கு உறைச்சுது. உறைச்சும் போனே. ஈஸ்டர்லயும் அப்படித்தான். நான் முழங்கால்னு சொன்னப்ப நிமிந்து பாத்தே, அப்புறம் தின்னே. அவனுங்க மேல எனக்குக் கோவமே வரல நுன்ஸியா. உன் மேலதான் வருது."

அவளுக்குப் பதில் நாக்குவரை வந்தது. நான் மட்டும்தானே தேடினேன், நான் மட்டும்தானே இங்கே வந்திருக்கிறேன் என்று. ஆனால் அவள் தேடியது, அவளை அங்கேயே இருக்கச் சொல்லி அவர்கள் விட்டுவிட்டுப் போனதால். சீட்டு தன் கையிலும் திணிக்கப்பட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு, அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்த உணவகத்துக்குள் ஒரோன்ஸோ கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். "மியூசியத்துல அந்தக் கூரை ஓவியத்தைப் பாத்துப் பாத்து கழுத்தே போச்சு! என்ன வேலைப்பாடு! அப்பா, நல்லா ஓய்வெடுத்தீங்களா? முகமே தெளிஞ்சிருக்கே." பிறகு போனை மேஜை முழுக்கச் சுற்றிக் காட்டினான். முந்தின நாள் எடுத்த படத்தை உறவுக்காரர்கள் குழுவில் போட்டிருந்தான். சவீனோ நடுவில். கீழே: 'அப்பாவோடு ரோமில். இதைவிட வேறென்ன வேண்டும்.' நாற்பத்தொரு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

நுன்ஸியா கரண்டியைக் கீழே வைத்தாள். "லொரெதானா, மாமா போனை எடுங்க."

"ஐயோ, இன்னும் எங்கிட்டயா இருக்கு?" லொரெதானா பையைக் கிளறினாள். சீப்பு வந்தது, உதட்டுச்சாயம் வந்தது, கொப்புளப் பட்டை வந்தது, கடைசியில் போன் வந்தது.

"இப்ப எதுக்கு இந்த நாடகம்?" என்றான் ஒரோன்ஸோ. "ஒண்ணும் ஆயிடலையே."

"ஆகலைதான். உங்க அப்பா எங்க இருக்காருன்னு தெரியாம கூரையைப் பாத்தீங்க. நல்லா பாத்தீங்களா? அதையும் படம் புடிச்சுப் போடுங்க, இன்னொரு நாப்பது பேரு இதயம் போடட்டும்."

"நுன்ஸியா" என்றான் ஃபெதேலே தணிந்த குரலில், "இதையெல்லாம் ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"ஊருலயும் நீ பேசமாட்டே, இங்கயும் பேசமாட்டே. உனக்குப் பேச எந்த ஊரு தோதுப்படும்னு சொல்லு. அங்க போவோம்."

நோயெமி சிரித்துவிட்டு, அப்பா முறைத்ததும் தட்டைப் பார்த்துக் குனிந்தாள். சவீனோ போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இந்தக் கீரைக்கு உப்புப் பத்தல" என்றார்.

மூன்றாம் நாள் காலை எட்டே முக்காலுக்கு ஒரோன்ஸோ விடுதி வாசலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினான். இன்னும் எட்டு இடம் பாக்கி. சவீனோ அவர்களைத் தாண்டி, டிராம் நிற்கும் பக்கம் நடந்தார். நுன்ஸியா பிளாஸ்டிக் உறை போட்ட அட்டவணையை ஃபெதேலேயின் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள். அவன் இரண்டடி வந்தான். "நுன்ஸியா, அண்ணன் என்ன நினைப்பாரு?" என்றான். அவள் திரும்பவில்லை. பின்னால் அவன் காலடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, நின்றது, பிறகு வந்த வழியே போயிற்று.

டிராமில் சவீனோ ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்காரப் போனபோது அந்த இடத்தில் கைத்தடியை வைத்தார்.

"காவலுக்கு ஆள் வேணாம் எனக்கு."

"காவலுக்கு வரல."

"அப்ப இரக்கமா? அதுவும் வேணாம். பின்னாடி போயி உக்காரு."

போய் உட்கார்ந்தாள். இரண்டு வரிசை தள்ளி. நடுவழியில் ஃபெதேலே மூன்று முறை போன் செய்தான். நாலாவது முறை எடுத்தாள். படிக்கட்டில் குடும்பப் படம் எடுக்கப்போகிறார்களாம், எல்லாரும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்களாம். "வழியில போறவங்க ரெண்டு பேரைப் புடிச்சு நடுவுல நிறுத்திக்கோங்க. வித்தியாசம் தெரியாது" என்று சொல்லி அணைத்தாள்.

கடைசி நிறுத்தத்தில் சவீனோ இறங்கி, எதிரேயிருந்த காப்பிக்கடைக்குள் போனார். ஒரு காப்பி கேட்டார், ஒன்றே ஒன்று. அவள் கொஞ்சம் தள்ளி நின்று தனக்கு ஒன்று கேட்டாள். இரண்டு பேரும் நின்றபடியே குடித்தார்கள். அவர் கோப்பையை வைத்துவிட்டு, கண்ணாடி வழியாக வெளியே நின்ற டிராமைப் பார்த்தார்.

"சீக்கிரம் குடி" என்றார். "ஏழு நிமிஷத்துல வண்டியை எடுத்துடுவான். இன்னிக்கு வந்திருக்கிறவன் நேரம் தப்பாத ஆளு."

நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று அவள் ஒரே மடக்கில் குடித்தாள்.