நாற்பது நாள் பிணை

“அழிக்கச் சொல்லுதேம்லா! எங்க வீட்டு விசயத்துல உன் காலேஜுக்கு என்ன சோலி?”

பக்கத்து வீட்டு நாசரின் சத்தம் எங்கள் அடுக்களை வரை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, அவர்கள் முற்றம் தெரியும் மதிலோரம் போய் நின்றேன். பேட்டையில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு மதில். கேட்காமலிருக்க முயன்றாலும் முடியாது. நான் முயன்றதில்லை.

“பேசினவங்க கையெழுத்துப் போட்டாத்தான் அழிக்கலாம் சார். படிவத்துல அப்படித்தான் இருக்கு” என்றாள் ஸ்டெபி. பாளையங்கோட்டைப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அடிமைத்தனத்தை ஒழித்த பிறகும், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வாழ்க்கையில் அது எந்த உருவத்தில் மிச்சமிருக்கிறது என்பது தலைப்பாம். இதற்காக நாசரின் அக்கா ஜனாபாவை மூன்று நாள் பேசவைத்துக் குரலைப் பதிந்திருந்தாள். எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம் என்று வேறு சொல்லியிருந்தாள்.

ஜனாபா வளைகுடாவில் ஒரே வீட்டில் இருபது வருசம் வேலை பார்த்தவள். நாசரும் அதே வீட்டில்தான் காரோட்டினான். 2011-இல் உம்மாவுக்கு முடியாமல் போனபோது அவன் மட்டும் வந்தான். உம்மா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. இங்கேயே டயர் கடை போட்டான். அக்காவுக்கு அங்கன சொகம் கண்டுபோச்சு, வரமாட்டேங்கா என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். பெற்றவள் முகம் பார்க்க வராத மகராசி என்று தெருவே பேசியது. தெரு என்றால் யார், பெரும்பாலும் நான்தான். ஒன்பது வருசம் கழித்து அவள் வந்து இறங்கியபோதும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அவளும் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஸ்டெபி வந்த முதல் நாள் ஜனாபா, நல்லா வச்சிருந்தாங்க, அல்ஹம்துலில்லாஹ் என்று தமிழில் முடித்துக்கொண்டாள். மறுநாள் திடீரென்று அரபுக்கு மாறிவிட்டாள். இதே மதிலோரம் ஒரு மணி நேரம் நின்றும் எனக்கு ஒரு சொல் புரியவில்லை. என் வாழ்நாளில் அப்படியொரு வீண் மத்தியானம் கிடையாது. நாசரின் மகள் ஃபர்ஹத் பக்கத்து அறையில் இருந்தாள், அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதனால்தான் அரபு.

பாதி வீடு வளைகுடா போய் வந்த தெருவில் அரபைப் பூட்டுப் போட்ட பெட்டி என்று நம்பினாள் பாவம். அரபு தெரியாத ஸ்டெபி, தோஹாவில் ஆறு வருசம் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்த சல்மான் ஃபாரிஸிடம் மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டாள். ஃபர்ஹத்துக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையே அவன்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

சல்மான் எல்லாவற்றையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதினான். நேற்று அதை நாசர் கடை மேசையில் வைத்து, “மாமா, இது நெசமா?” என்று மட்டும் கேட்டானாம். அதில் இருந்ததை சல்மானின் உம்மா இன்று காலையில் என்னிடம் சொன்னாள். இரண்டு பேரில் ஒருவர்தான் ஊருக்குப் போகலாம், போனவர் திரும்பி வரும்வரை மற்றவரின் பாஸ்போர்ட் தன் பீரோவில்தான் என்றிருக்கிறான் முதலாளி. நீ போ என்று தம்பியை அனுப்பியவள் ஜனாபா. உம்மா மவுத்தானதும், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்து வந்துவிடுவதாகப் போனில் சொன்னவன் வரவேயில்லை. பிணையாக நின்றவளுக்குப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைக்க ஒன்பது வருசம் ஆயிற்று.

நாசர் உள்ளே போய் அக்காவைக் கூட்டிவந்தான். அவன் குரல் இறங்கியிருந்தது. “எனக்கு மட்டும் திரும்பிப் போவக்கூடாதுன்னு ஆசையா? அங்கன என்னைப் போட்டு அடிச்சது ஒங்களுக்குத் தெரியாதா? புள்ள கல்யாணம் லாத்தா. கையெழுத்துப் போட்டுருங்க.”

ஜனாபா பேனாவை வாங்கினாள். “ஒரு தடவை கேட்டுக்கிடுதேன்.”

ஸ்டெபி குரலை ஓடவிட்டாள். தன் குரலையே யாரோ ஊரார் பேச்சைப் போல ஜனாபா தலைசாய்த்துக் கேட்டாள். ஓரிடத்தில் குரல் நின்று அழுகை மட்டும் ஓடியது. அது எனக்கும் புரிந்தது.

சத்தம் கேட்டு ஃபர்ஹத் கதவருகே வந்தாள். ஜனாபா அவசரமாகக் கையெழுத்துப் போட்டாள். “சும்மா, சமையல் கதைம்மா. எல்லாம் ஒறைப்பு கம்மி” என்று சிரித்தாள். ஸ்டெபி இரண்டு முறை நிசமாகவா என்று கேட்டுவிட்டு அழித்தாள்.

“மாமி,” என்றாள் ஃபர்ஹத் ஜனாபாவைப் பார்த்து, “வாப்பாகிட்ட குடுக்க முந்தி அவுக அந்த நோட்டை எங்கிட்டதான் குடுத்தாவ. நான் படிச்சிட்டேன்.”

ஜனாபா படிவத்தைப் பார்த்தபடி இருந்தாள், கையெழுத்தைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்பது போல.

நோட்டை நாசர் அன்றைக்கே எரித்தான். ஆராய்ச்சியில் ஜனாபாவின் பகுதி கிடையாதாம்; ஸ்டெபி கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. ஃபர்ஹத் வாப்பாவிடம் சலாம் மட்டும் சொல்லிவிட்டு சல்மானோடு தோஹாவுக்குப் போனாள். மாமியையும் வரச்சொல்லி ஆன மட்டும் கேட்டார்கள். விசாவுக்குப் பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுக்க வேண்டும் என்றதும் ஜனாபா மாட்டேன் என்றுவிட்டாள். மறுவாரம் பத்தமடையில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனாள். பெண்டாட்டியை முன்பே பறிகொடுத்த நாசர் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறான். இப்போதெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமே வருவதில்லை.