இன்ஷிராவின் புள்ளி

மடவளையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து அந்தச் செய்தி வந்தபோது றலியா கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கையோடு போனைத் தொட மனமில்லாமல் முழங்கையால் தள்ளித் தள்ளித்தான் வாசித்தாள். நம்பர் ஹுதைபாவின் உம்மாவுடையது, எழுதியிருந்தது மகள் இன்ஷிராவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை ஹுதைபா. கலியாணம் பேசி முடியும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் நேரடியாகப் பேசிக்கொள்வது இரண்டு வீட்டிலும் வழக்கமில்லை. பையன் தன் உம்மாவின் போனில் எழுதுவான், அது பெண்ணின் உம்மாவின் போனுக்கு வரும், பதிலும் அதே வழியாகத் திரும்பிப் போகும். இதுவரை வந்ததெல்லாம் நலம் விசாரிப்பு. ஒருதரம் பெருநாள் வாழ்த்து. இன்று வந்தது கொஞ்சம் நீளம்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. இந்த லிங்கை இன்ஷிராவுக்குக் கொடுக்க முடியுமா? அரசியல் பற்றியும் சமூகம் பற்றியும் அறுபது கேள்வி ஈக்கி. பரீட்சை இல்ல. எங்கட எண்ணம் எந்த இடத்துல நிக்குது எண்டு கடைசியில ஒரு படத்துல காட்டும். நானும் செய்றேன். ஞாயித்துக்கிழமைக்கு முந்தி ரெண்டு பேரும் மாத்திக்கொண்டா நல்லம்."

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நாள் குறிக்க வருகிறார்கள். இன்றைக்கு வியாழன். இன்ஷிரா வீட்டுக்கு வர ஏழு மணியாகும். அவள் பேராதனையில் மிருக வைத்தியம் படித்து முடித்து, கண்டியில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். மாடு, ஆடு, பூனை என்று றலியா ஊருக்குச் சொல்லிக்கொள்வாள். நாய் என்ற சொல் அவள் வாயிலிருந்து தவறியும் வராது. முதலில் வந்த சம்பந்தம் நாய் தொடுகிற கை என்று சொல்லிப் பின்வாங்கியது. இரண்டாவது, வேலையை விட்டால் பேசலாம் என்றது. இன்ஷிரா விடமாட்டேன் என்றாள். மூன்றாவதாக வந்திருப்பதுதான் மடவளை. பையன் கட்டட எஞ்சினியர், நல்ல குடும்பம், வேலையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததே றலியாவுக்குப் பயமாக இருந்தது.

எனவே அந்தச் செய்தியை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ அப்படித்தான் அந்த வீட்டில் யாராக இருந்தாலும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. படிவம் வந்தால் குடும்பம் உட்கார்ந்து நிரப்ப வேண்டும். இன்ஷிராவின் பயோடேட்டாவை எழுதியதும் அப்படித்தான். அதில் அவளுக்குச் சமையலில் விருப்பம் என்ற வரியை வாசித்துவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

தம்பி ஷப்ராஸுக்குப் போன் போட்டாள். அவன் இங்கிலிஷ் வாத்தியார், அடுத்த தெரு. வந்தவன் மேசையில் போனைச் சாய்த்து வைத்துக் கண்ணாடியை மாட்டினான். கட்டுகஸ்தோட்டையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் லாபிரும் அன்று வெள்ளனவே கடையைப் பூட்டிவிட்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாலு பட்டன் ஈக்கி. முழுசா சரி, சரி, சரியில்ல, முழுசா சரியில்ல" என்றான் ஷப்ராஸ்.

"தெரியா எண்டு ஒண்டு இல்லயா?"

"இல்ல மச்சான்."

"அப்ப இது நல்லதுக்கில்ல" என்றார் லாபிர். "இப்பிடியான கேள்விக்கெல்லாம் பதில் போடப்படாது. யாரு பாக்கிறான், எங்க சேத்து வெக்கிறான், ஒண்டும் தெரியா." கடையில் யாராவது வோட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆணியை நிறுக்கப் போய்விடுகிற மனிதர் அவர். சில வருடங்களுக்கு முன் கலவரத்தில் ஊர் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்தப் பழக்கம் இன்னும் கூடியிருந்தது.

"மாப்புள பாக்கிறாரு. வேற யாரு பாக்கிற" என்று றலியா முடித்துவைத்தாள்.

கேள்விகள் தொடங்கின. பணக்காரருக்குக் கூட வரி போடவேண்டுமா? லாபிர் முழுசா சரியில்லை என்று மேசையில் தட்டினார். கொலைக் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை வேண்டுமா? ஷப்ராஸும் லாபிரும் கால் மணி நேரம் சண்டை பிடித்தார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்காமல் பெரியவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டுமா? மூன்று பேரும் ஒரே குரலில் சரி என்றார்கள். இன்ஷிரா என்ன சொல்வாள் என்று யாரும் கேட்கவில்லை. இருபதாவது கேள்விக்குப் பிறகு றலியாவுக்கு ஒரு சூத்திரம் கிடைத்துவிட்டது. தான் என்ன நினைக்கிறோம் என்பதை விட்டுவிட்டு, ஹுதைபாவின் உம்மா, அந்த மடவளை மாமி, இதை வாசித்தால் எதை அழுத்துவாள் என்று யோசித்தால் போதும். அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது.

நாற்பத்தொன்றாவது கேள்வியில் மட்டும் ஷப்ராஸ் வாசித்துவிட்டு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். "கலியாணம் முடிச்ச பொம்புளைக்கு வெளி வேலைய விட வீடுதான் முக்கியம். என்ன போட ராத்தா?"

றலியாவுக்குத் தெரியும் மகள் என்ன போடுவாள் என்று. மடவளை என்ன கேட்க விரும்பும் என்பதும் தெரிந்த மாதிரிதான் இருந்தது. இரண்டாவது சம்பந்தம் எழும்பிப் போன பின்னேரம் தொடாமலே ஆறிப்போன டீக் கோப்பைகளை அவள்தான் கழுவினாள். "முழுசா சரி எண்டு போடு" என்றாள். தம்பி அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

முடிவில் ஒரு சதுரம் வந்தது. நாலு அறை, அதில் ஒரு சிவப்புப் புள்ளி. மேலே போனால் கட்டுப்பாடு, கீழே சுதந்திரம், இடது பக்கம் சமத்துவம், வலது பக்கம் வியாபாரம் என்று ஷப்ராஸ் வகுப்பெடுத்தான். புள்ளி மேலே, வலது மூலைக்குக் கிட்ட இருந்தது. லாபிருக்குத் திருப்தி. படத்தை மடவளைக்கு அனுப்பிவிட்டு றலியா கோழியை அடுப்பில் வைத்தாள்.

ஏழரைக்கு வந்த இன்ஷிரா கதையைக் கேட்டு முதலில் சிரித்தாள். மாமா தூக்குத் தண்டனைக்கு என்ன போட்டார் என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு, "என்ட பேரிலயா அனுப்பின?" என்றாள். அப்போது சிரிப்பு இல்லை.

"அனுப்பினா என்ன மகள்? சும்மா ஒரு படம்தானே."

இன்ஷிரா கை கழுவிவிட்டு வந்து, சாப்பிடாமல், தன் போனிலேயே அதைச் செய்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் வாசித்தாள். சில இடங்களில் போட்ட பதிலை மாற்றினாள். தன் மகள் ஒரு விஷயத்தை இவ்வளவு நேரம் யோசிப்பாள் என்று றலியாவுக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் பதில் வரும் பிள்ளை என்றுதான் நினைத்திருந்தாள். அவளுடைய புள்ளி கீழே, நடுவுக்குச் சற்று இடது பக்கம் விழுந்தது. வீட்டார் அனுப்பிய புள்ளிக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் வைக்கலாம்.

"இதையும் அனுப்புங்க உம்மா."

"ஒருக்கா அனுப்பினத திருப்பி மாத்தி அனுப்பினா என்ன நெனைப்பாங்க? ஞாயித்துக்கிழமை போகட்டும், அதுக்குப் பொறகு பாப்போம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மடவளையின் படம் வந்தது. ஹுதைபாவின் புள்ளி. மேலே, வலது பக்கம். இவர்கள் அனுப்பியதற்குப் பக்கத்திலேயே, தோளோடு தோள் உரசுகிற மாதிரி. லாபிர் மாஷா அல்லாஹ் என்றார். ஷப்ராஸ் இதெல்லாம் விஞ்ஞானம் என்றான். இன்ஷிரா போனை வாங்கிப் பார்த்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள், உம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இந்த மனுசனோட என்னால ஏலா உம்மா. ஞாயித்துக்கிழமை வர வேணாம் எண்டு செல்லுங்க."

"ஒரு புள்ளியப் பாத்தா கலியாணத்த முடிவெடுக்கிற?"

"நீங்க பயோடேட்டாவப் பாத்து முடிவெடுக்கல்லயா?"

இன்ஷிரா சனிக்கிழமை காலையில் வேலைக்குப் போகும்போது சலாம் மட்டும் சொன்னாள். றலியாவுக்கு வீடு பிடிக்கவில்லை. கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினாள். மகள் ஒரு பிடியில் நின்றால் நிற்பாள், அது வாப்பா வழி. மூன்றாவது சம்பந்தமும் போனால் நாலாவது எங்கிருந்து வரும்? கோபம் முழுக்க அந்தச் சதுரத்தின் மேல் வந்தது. இவ்வளவு காலமும் ஆட்கள் இதெல்லாம் இல்லாமல்தான் கலியாணம் முடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள். லாபிர் யாருக்கு வோட்டுப் போடுகிறார் என்பது இருபத்தாறு வருடமாக அவளுக்குத் தெரியாது. அவள் யாருக்குப் போடுகிறாள் என்று அவர் கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று திடீரென்று தோன்றியது. விளக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பத்து மணிபோல மடவளையிலிருந்து அழைப்பு வந்தது. செய்தியல்ல, குரல்.

"றலியா, பக்கத்துல யாரும் ஈக்கியா?"

"இல்ல ராத்தா. செல்லுங்க."

"ஒங்கள்ட்ட மறைக்க ஏலா. மகன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல்ல. ஒங்கட மகள்ட படத்தப் பாத்ததிலிருந்து வாய் தொறக்கிறானில்ல. நேத்து ராவு செல்றான், அந்தப் புள்ளைக்கு நான் பொருத்தமில்ல உம்மா, புள்ளி அவ்வளவு மேல ஈக்கிறதப் பாத்தா அவ வேலைய விட்டுட்டு வீட்டுல ஈக்கத்தான் ஆசைப்படுறா போல, அவ டொக்டர் எண்டுதானே நான் பாத்தேன் எண்டு."

றலியா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "ஆனா ராத்தா, அவர்ட புள்ளியும் அதே இடத்துலதானே வந்தீக்கி?"

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ ஒரு குக்கர் விசிலடித்தது.

"அது மகன்ட இல்ல" என்றாள் மடவளை மாமி. "அவன்ட வேற எங்கயோ கெடந்திச்சி. இவ்வளவு தூரத்துல ஈக்கிறதப் பாத்தா ஒங்களுக்கு மனசு சரிவராதே எண்டு, நானும் மூத்த மகளும் ஒக்காந்து திரும்பச் செஞ்சோம். மூணு தரம் செஞ்சோம் றலியா. கிட்ட வாற வரைக்கும்."

றலியாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே கண்ணும் நிறைந்தது. தனக்குப் பிடிக்கும் என்று நினைத்து மடவளை மாமி செய்ததும், மாமிக்குப் பிடிக்கும் என்று நினைத்துத் தான் செய்ததும் ஒன்றுதான். அந்த நாற்பத்தொன்றாவது கேள்வி ஒரு நல்ல பையனைப் பட்டினி போட்டிருக்கிறது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பு முழுக்க மடவளையின் தலையில் விழும், தன் வீடு சுத்தமாக நிற்கும். ஒரு நொடி அப்படியும் நினைத்தாள். வெட்கமாக இருந்தது.

"ராத்தா, ஒங்களுக்கு வந்ததும் இன்ஷிராட இல்ல. அது நான் போட்டது."

"யா அல்லாஹ்!"

"எங்கட வீட்டுக்காரரும் தம்பியும் சேந்துதான். ஆனா முக்கியமானத நான்தான் போட்டேன்."

சொல்லி முடித்த பிறகு அதுவும் சரியில்லை என்று பட்டது. தான் போட்டது தன்னுடைய எண்ணமும் அல்லவே. ஏ.எல். பரீட்சை முடித்ததும் டீச்சர் வேலைக்கு வந்த கடிதத்தை அவள் இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறாள். அந்தக் கேள்வியைத் தனியாக, யாரும் இல்லாத அறையில் யாராவது அவளிடம் கேட்டிருந்தால் எந்தப் பட்டனை அழுத்தியிருப்பாள்? அந்தச் சிவப்புப் புள்ளி மகளுடையதும் இல்லை, தன்னுடையதும் இல்லை.

"மகன்ட புள்ளி எந்தப் பக்கம் கெடந்திச்சி ராத்தா?"

"அத யாரு பாத்த? தூரம் எண்டதுதான் ஞாபகம்."

அன்று பின்னேரம் இன்ஷிராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மன்னித்துக்கொள் என்று மகளிடம் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "நாளைக்கு அவங்க வரட்டும். நீ ஒன்ட படத்த ஒன்ட கையால காட்டு. அதுக்குப் பொறகு நீ வேணாம் எண்டா வேணாம்தான். வாப்பாக்கிட்ட நான் பேசுறேன்" என்றாள். இன்ஷிரா கைப்பையைக் கழற்றி வைத்தாள். பிறகு, பசிக்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹுதைபாவின் வாப்பா பாயிஸ் ஹாஜியார் குடும்பத்தோடு வந்து இறங்கினார். இரண்டு உம்மாமாரும் சலாம் சொல்லிக் கட்டிப் பிடித்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆண்கள் ஹோலில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலைப் பற்றியும் பேசினார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் கொஞ்சம் பேசட்டும் என்று மடவளை மாமிதான் சொன்னாள். வெராண்டாவில் இரண்டு கதிரை, நடுவில் ஒரு சின்ன மேசை, ஹோல் கதவு நன்றாகத் திறந்தபடி.

றலியா டீத் தட்டத்தோடு வரும்போது இரண்டு போன்களும் அந்த மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டு பேரும் குனிந்து, ஒவ்வொரு கேள்வியாகத் தங்கள் பதில்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று அவள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. ஹாஜியார் பலகாரத் தட்டிலிருந்து பெட்டிஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"இதுக்கு நீங்க எப்பிடி சரி எண்டு போடுவீங்க?" வெராண்டாவிலிருந்து இன்ஷிராவின் குரல். வீட்டில் ஷப்ராஸோடு வாதாடும்போது வருகிற அதே குரல்.

"நீங்க மொதல்ல கேள்விய ஒழுங்கா வாசிங்க" என்றான் ஹுதைபா. அவனுக்கும் சத்தம் இருந்தது.

"வாசிச்சிட்டுத்தான் கேக்கிறேன்."

ஹாஜியார் மெல்லுவதை நிறுத்தினார். மடவளை மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். லாபிர் முகம் வெளிறி, கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

றலியா அவருக்கு முன்னால் போய்க் கதவடியில் நின்றாள். "இரிங்க. டீய எடுங்க."

"சண்ட பிடிக்கிறாங்க றலியா!"

"பிடிக்கட்டும்" என்றாள். "இன்னம் மிச்சம் கேள்வி ஈக்கி."

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கதிரை சீமெந்துத் தரையில் கிறீச்சென்று இழுபட்டது. கிட்ட இழுபட்டதா, தள்ளிப் போனதா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆவி பறக்கிற தட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழு உடம்பாலும் வாசலை மறைத்து நின்றாள்.