மூன்று சுற்று, மேலே ஒரு பூ

இரண்டாம் தாரமாக அந்த வீட்டுக்கு வந்தவள், முதல் குடும்ப விருந்துக்கே முழுக்கோழி ரோஸ்ட் செய்யத் துணிந்தாள். "செத்துப்போன மகராசி கைப்பக்குவம் வருமா?" என்று நாத்தனார் வாயைத் திறக்குமுன் அந்த வாயைக் கோழியாலேயே அடைத்துவிட வேண்டும் என்ற வீம்புதான். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கோழிக்குள் எலுமிச்சையும் பூண்டும் திணித்தாள். இரண்டு கால்களையும் சேர்த்து நூலால் ஒரே ஒரு முடிச்சுப் போட்டாள். சுற்றிலும் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் அடுக்கி ஓவனில் வைத்தவள், வெந்து முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

தட்டை மேசையில் வைத்ததும் மூத்த தாரத்தின் மகள் துள்ளினாள்.

"ஐ, சித்தி! எங்கம்மா போடுற முடிச்சு! மூணு சுத்து சுத்தி, மேல பூ மாதிரி. யாரு சொல்லிக் குடுத்தா?"

நாத்தனார் வாயடைத்துப் போனாள். கணவனுக்கு முகம் வெளுத்தது. இவள் குனிந்து பார்த்தாள். மூன்று சுற்று, மேலே ஒரு பூ.

"யாரும் சொல்லிக் குடுக்கல, பேசாம சாப்பிடு" என்று எரிந்து விழுந்தவள், ஏப்ரனை அவிழ்க்கக் கையை முதுகுப்பக்கம் கொண்டுபோனாள்.

இடுப்பு நாடாவிலும் மூன்று சுற்று, மேலே ஒரு பூ. அது இன்னும் இறுகிக்கொண்டிருந்தது.