பூட்டில்லாத முன்கதவு

நூற்றுச் சொச்சம் வருஷமாகத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எட்டிப் பார்க்கவே பயந்த துரை பங்களா இப்போது விருந்தினர் விடுதி. யார் வேண்டுமானாலும் காலை நீட்டிப் படுக்கலாம், கொழும்பிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தால் போதும்.

சண்முகவடிவுக்கு அங்கே குசினியில் பாத்திரம் கழுவுகிற வேலை. வருகிறவர்களுக்குப் பங்களாவின் சரித்திரம் சொல்வது அவள் மகன் விஜிதரன். இங்கிலீஷில் சொல்வான். அவளுக்கு ஒரு எழுத்தும் புரியாது. புரியாதவரைக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று வந்தது தமிழ்க் குடும்பம். பரிமாறுகிற பெண் லீவு என்பதால், தேநீர்த் தட்டோடு சண்முகவடிவு முதல்முறையாக முன்கூடத்துக்கு வந்தாள். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்கள் பங்களாவுக்கு வந்தால் பின்பக்கம் போய்க் குசினிக் கதவைத் தட்டி, கூப்பிடும்வரை வெளியே நிற்க வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவள் குசினியைத் தாண்டியதில்லை.

அந்தக் குசினி வாசலில்தான் அவளுடைய நாலு வயது மகள் தனுஷிகா செத்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால், அடைமழையில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் மேல் மண் சரிந்து, உத்திரம் பிள்ளையின் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குச் சொல்ல, பங்களாவில் மட்டும்தான் போன். தோட்டத்தை நிர்வகித்த துரை கண்டிக்குப் போயிருந்தார். சமையல்காரர் சிவசாமியோ குசினியைப் பூட்டிவிட்டு லயத்தில் சரிந்த மண்ணை அள்ள ஓடியிருந்தார். சண்முகவடிவு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் தட்டினாள். பிறகு சிவசாமியின் முகத்தில் அவள் முழிக்கவே இல்லை. “பூட்டிட்டுப் போன பாவி” என்று ஊரறியத் திட்டினாள். அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டும் மனம் இறங்கவில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை.

“இந்த முன்கதவப் பாருங்க,” என்றான் விஜிதரன். “கட்டுன நாள்லேருந்து இதுக்குப் பூட்டே கெடையாதுங்க. தொரமாருங்க வெளிய போனாலும் சும்மா சாத்திட்டுத்தான் போவாங்க. தோட்டத்து ஆளுங்க மேல அவ்வளவு நம்பிக்க. ஒருத்தர்கூட இந்தப் படியில கால் வச்சதில்லீங்க.”

“எவ்வளவு நல்ல சனங்க!” என்று வந்திருந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்தாள்.

“போன் எங்க இருந்துச்சு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இந்தா, கதவுக்குப் பக்கத்துலயே, இந்த மேசையில…” சொல்லிக்கொண்டே திரும்பியவன், கேட்டது தன் அம்மா என்று கண்டு மேசையிலிருந்து கையை எடுத்தான். அக்கா செத்த கதை அவனுக்குத் தெரியும். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கத்தான் இத்தனை நாளும் தோன்றவில்லை.

சண்முகவடிவு தட்டை வைத்துவிட்டுக் கதவைத் தடவிப் பார்த்தாள். சாவி போட ஓர் ஓட்டைகூட இல்லை. இனி யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

“தள்ளியிருந்தா தெறந்திருக்கும்டா,” என்றாள். “அந்த மனுசன சாகுறவரைக்கும் பாவின்னேன். இந்தப் பக்கமா வரலாம்னு எனக்குத் தோணவே இல்லியே.”