பச்சை ஜன்னலும் ஜெசிந்தாவின் கனமும்

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் காலை, லிங்கராஜபுரத்தில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடும் டொமினிக்கால் தன் இரண்டு வயது மகள் ஜெசிந்தாவைத் தரையிலிருந்து தூக்க முடியவில்லை. தோளுக்கு ஒன்றாக நிறை சிலிண்டர்களைச் சுமந்துகொண்டு மாடி ஏறுகிற ஆள் அவன். முதலில் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். பிறகு அக்குளில் கை கொடுத்தான். கடைசியில் மண்டிபோட்டு, மூட்டைக்கு முதுகு கொடுப்பது போலக் கொடுத்துப் பார்த்தான். குழந்தை பாயில் உட்கார்ந்தபடியே அவன் மீசையைப் பிடித்து இழுத்து விளையாடியது. பார்வைக்கு எப்போதும் போலத்தான் இருந்தாள், சொல்லப்போனால் ஒரு சுற்று இளைத்திருந்தாள். அவன் மனைவி அல்போன்சா சேர்ந்து தூக்கினாள், கீழ்வீட்டுச் சண்முகம் கை கொடுத்தார், ஸ்டாண்டிலிருந்து ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். பாய் கிழிந்ததுதான் மிச்சம். அன்று தெரு முழுக்க இதே பேச்சு என்றாலும் யாரும் வேலைக்குப் போகாமல் இருந்துவிடவில்லை.

டொமினிக்கின் வீடு அவன் அப்பா கட்டியது. கீழே சண்முகமும் அவர் மனைவி சொர்ணமும் வாடகைக்கு இருந்தார்கள், மாடியில் இவர்கள். மாடி ஹாலில் தெருவைப் பார்த்தபடி ஒரு பெரிய தேக்கு ஜன்னல் உண்டு. காக்ஸ் டவுனில் பழைய பங்களா ஒன்றை இடித்தபோது அப்பா விலை பேசித் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்தது. வரும்போதே அது பச்சை. அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கும்போது ஜன்னலுக்கும் பச்சை எனாமல் ஒரு கை விழும். பழைய பூச்சை எடுக்க யாருக்குப் பொறுமை? பூச்சின் மேல் பூச்சாக ஏறி ஜன்னல் வருஷா வருஷம் தடித்தது. இந்த டிசம்பரில் கதவு சட்டத்துக்குள் நுழைய மாட்டேன் என்றுவிட்டது.

அல்போன்சாவின் அண்ணன் ரெமிஜியஸ் பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுப்பவன். தங்கச்சி வீட்டில் கூலியா என்று சொல்லிவிட்டுத் தானே மெஷினோடு வந்தான். சுரண்டியால் பெரிய பெரிய ஏடாக உரித்துப் போட்டான், மிச்சத்தை உப்புத்தாள் மாட்டிய மெஷினால் தேய்த்தான். அரை நாளில் வீடு முழுக்கப் பச்சை மூட்டம். தலையணையில் படிந்தது, குழம்பில் படிந்தது, ரெமிஜியஸின் நாக்கிலும் படிந்தது. இனிக்குதே என்று அவன் சிரித்துக்கொண்டான். அல்போன்சா துடைப்பம் எடுத்துப் பெருக்கினாள். பெருக்கினது எழுந்தது, எழுந்தது இறங்க மறுநாள் ஆயிற்று. அதற்குள் பண்டிகை வந்துவிட்டதால் ஜன்னல் பாதி சுரண்டிய கோலத்திலேயே நின்றது. ஹாலின் மறுகோடியில் வழக்கம்போலக் கிறிஸ்மஸ் குடில் வைத்தார்கள். கேக் கொடுக்க வந்தவர்களெல்லாம், குடிலில் புல்வெளி இந்த வருஷம் என்ன பச்சை என்று மெச்சிவிட்டுப் போனார்கள். ஜெசிந்தா அந்தக் குடிலை விட்டு நகரவில்லை. கனம் பிடித்த அன்றும் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கனம் அதோடு நிற்கவில்லை. அவளால் எழுந்து நிற்க முடியவில்லை, கால் தாங்காமல் தொப்பென்று உட்கார்ந்துவிடுவாள், உட்காரும்போது தரை அதிரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெளிக்குப் போகவில்லை. பாயைச் சுற்றித் தரை ஓடுகள் விரிசல் விட்டன. கீழே சொர்ணத்தின் கூரை தொட்டில் துணி மாதிரி தொய்ந்து, அதன் நடுவில் ஒரு விரிசல் கிளம்பியது. சண்முகம் கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து இரும்பு முட்டுகளை வாங்கி வந்து கூரைக்குக் கொடுத்தார். முட்டுகள் மெல்ல மெல்லத் தரைக்குள் இறங்கத் தொடங்கின. குழந்தை அந்தக் கூரையை உடைத்துக்கொண்டு விழப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பக்கத்துச் சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் வீணா வந்தார். கன்னடக்காரர், இந்தப் பக்கத்து வீடுகளில் பழகிப் பழகித் தமிழ் பேசுவார். குழந்தையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பிறகு திரும்பி ஜன்னலை வெகுநேரம் பார்த்தார். ரத்தம் எடுத்தார். லேப்பிலிருந்து வந்த தருண் அந்தச் சின்னக் குழாயைப் பைக்கின் பின்பெட்டியில் வைத்ததும் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. குழாயை டேங்கின் மேல் வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போனான். ரத்தத்தில் ஈயம் என்று முடிவு வந்தது. பழைய எனாமல் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் வீணா. மருந்து ஆரம்பித்தார். ஆனால் ஈயம் உள்ளே போவது நிற்காதவரை மருந்து தனியாக என்ன செய்துவிடும் என்றும் சொன்னார்.

பாதி சுரண்டிய ஜன்னலை அப்படியே விடக் கூடாது, காற்று அடிக்கும்போதெல்லாம் உதிரும். அதே சமயம் மெஷின் கூடாது, தீயால் வாட்டக் கூடாது, துடைப்பம் கூடவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, கையால்தான் சுரண்ட வேண்டும். தரையெல்லாம் தடித்த பிளாஸ்டிக் விரித்து ஓரத்தை டேப் போட்டு ஒட்ட வேண்டும். கர்ச்சீப் கட்டிக்கொண்டால் போதாது, முகத்தோடு இறுக்கிப் பிடிக்கிற மாஸ்க் வேண்டும். வேலை செய்த துணியோடு குழந்தையிடம் போகக் கூடாது, அந்தத் துணியை வீட்டுத் துணியோடு போட்டுத் துவைக்கக் கூடாது. இதையெல்லாம் வீணா நின்றபடி சொன்னார், ரெமிஜியஸ் தலையைக் குனிந்தபடி கேட்டான். இத்தனை வருஷம் எத்தனை வீட்டில் அந்த மெஷினை ஓட்டியிருக்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எல்லாத்துக்கும் முன்னாடி குழந்தைய வேற வீட்டுக்கு அனுப்புங்க. கர்ப்பிணி யாராவது இருந்தா அவங்களும் போகணும். அப்புறம்தான் ஜன்னல்ல கை வெக்கணும்" என்றார் வீணா.

"எப்படி டாக்டர் அனுப்புறது?" என்றான் டொமினிக்.

வீணா குனிந்து தானும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்து மூச்சு வாங்கினார். "அப்போ ஒரு துளி தூள் கூட எழக் கூடாது. பேடவே பேடா, வேணவே வேணாம்" என்றார்.

ஆகவே வேலை குழந்தையை வைத்துக்கொண்டே நடந்தது. ஹாலின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் திரை. ஒரு பக்கம் ஜன்னல், டொமினிக், ரெமிஜியஸ். மறுபக்கம் ஜெசிந்தா, அல்போன்சா, குடில். கீழே சொர்ணம் ஒட்டடைக் கம்போடு கூரை விரிசலைப் பார்த்தபடி நின்றாள். விரிசல் நீண்டால் கம்பால் தட்டுவது என்று ஏற்பாடு. சண்முகம் அவளை வெளியே வரச் சொல்லி வாசலிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். ஜன்னல் கதவுகளைக் கழற்றி, நனைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, கயிறு கட்டித் தெருப்பக்கம் இறக்கினார்கள். சட்டம் மட்டும் மிச்சம். டொமினிக் பூச்செடிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலால் தெளிப்பான், ரெமிஜியஸ் சுரண்டுவான், சுரண்டியது ஈரக் களியாகக் கீழே விழும். தெளிப்பான், சுரண்டுவான். தெருவில் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்காமல் போயின. மத்தியானம் வரைக்கும் கீழேயிருந்து ஒரு தட்டு கூட வரவில்லை.

பழக்கம் பொல்லாதது. சட்டத்தின் மூலையில் ஒரு பிசிறு சுரண்டிக்குச் சிக்காமல் நின்றது. ரெமிஜியஸின் கை அவனைக் கேட்காமலேயே சட்டைப்பையிலிருந்த உப்புத்தாளை எடுத்து, ஈரம் படாத அந்த இடத்தில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தது. ஒரு கொட்டாவி அளவுக்குப் பச்சைப் புகை எழுந்தது. அது திரையைத் தடவிக்கொண்டே போய், டேப் விட்டிருந்த ஒரு விரல் இடைவெளியைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் நுழைந்தது. ஜெசிந்தா தும்மினாள். ஓடுகள் படபடவென்று வெடித்தன, பாய் ஒரு சாண் இறங்கியது, கீழே கம்பு விடாமல் தட்டியது. அல்போன்சா குழந்தையின் முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொண்டு அப்படியே அவள் மேல் கவிழ்ந்தாள்.

டொமினிக் ரெமிஜியஸின் மணிக்கட்டைப் பிடித்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் ரெமிஜியஸ் நினைத்தான்.

"மச்சான், தண்ணி" என்றான் டொமினிக்.

இடைவெளியை ஒட்டினார்கள், மூலையை நனைத்தார்கள், மறுபடி சுரண்டினார்கள். சாயங்காலத்துக்குள் மரம் தெரிந்தது. பிளாஸ்டிக்கை உள்பக்கமாகச் சுருட்டிக் கட்டினார்கள். தரையையும் சுவரையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி துடைத்தார்கள். இருவரும் மாடிப்படியிலேயே துணியைக் களைந்துவிட்டு, தலையோடு குளித்த பிறகுதான் குழந்தையிடம் வந்தார்கள். இனி இறங்கு முகம்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். சொர்ணம் காபி போட்டு அனுப்பினாள்.

மறுநாள், யாரும் ஜன்னலைத் தொடாத நேரத்தில், கீழேயிருந்து தட்டுச் சத்தம் கேட்டது.

கனம் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாளும் ஏறியது. விரிசல் சுவரைத் தொட்டுவிட்டது. பழி ரெமிஜியஸின் தலையில் விழுந்தது, அவனும் மறுக்கவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். முட்டு ஒன்று வளைந்ததைப் பார்த்த சண்முகம் பெட்டியைக் கட்டிவிட்டு, இப்போதே கிளம்பு என்று சொர்ணத்திடம் சொன்னார்.

"நான் போயிட்டா யாருங்க தட்டுறது?" என்று கேட்டுவிட்டு அவள் கூரையைப் பார்க்கத் தொடங்கினாள்.

அன்று அல்போன்சா குடிலுக்கு முன்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். தரை அதிர்ந்ததில் ஒரு மண் ஆட்டுக்குட்டி சாய்ந்து கிடந்தது. ஜெபத்தை நிறுத்தாமல் அதை நிமிர்த்தக் கை நீட்டினாள். ஆட்டுக்குட்டி அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். அசையவில்லை. மாட்டைத் தொட்டாள், சூசையப்பரைத் தொட்டாள். வைக்கோலில் படுத்திருந்த பாலனைத் தூக்கிப் பார்த்தாள், சுண்டுவிரல் நீளப் பொம்மை அது, தரையோடு தரையாக இருந்தது. வருஷா வருஷம் குடிலுக்குப் புல் போட மரக்கடையில் மரத்தூள் வாங்கிப் பச்சைச் சாயம் ஏற்றுவாள். இந்த வருஷம் ரெமிஜியஸ் உரித்துப் போட்ட ஏடுகள் எவ்வளவு அழகான பச்சை, இதைக் குப்பையில் கொட்டுவானேன் என்று கையால் நொறுக்கி அவள்தான் மரத்தூளோடு கலந்து பரப்பியிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தா குடிலுக்குள்ளிருந்து எடுத்த கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். இனிப்பு என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

அல்போன்சா கத்தவில்லை. கத்தினால் குழந்தை திமிறும், திமிறினால் தூள் எழும். ஈரத்துணி கேட்டாள், தெளிக்கிற பாட்டில் கேட்டாள். சங்கதி புரிந்ததும் ரெமிஜியஸ் தயங்கினான். ஜனவரி முதல் வாரத்தில் மூன்று ராஜாக்களின் பொம்மைகளையும் எடுத்துக் குடிலில் வைக்கிற திருநாள் முடியும்வரை குடிலில் கை வைப்பது அவர்கள் குடும்பத்தில் கிடையாது. கலைத்த வருஷம் வீட்டில் ஒரு குழந்தை தங்காது என்று அவர்கள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள்.

"வேணாம்மா. இன்னும் ராஜாக்களே வரல" என்றான்.

"மாதாவும் ஒரு பிள்ளையப் பெத்தவங்கதான் அண்ணா. அவங்க இங்க இருந்தா அவங்களே கலைச்சிருப்பாங்க" என்றாள் அல்போன்சா.

முதலில் குழந்தையின் கை. மூடிய முஷ்டிக்குள் பச்சை. ஒரு விரலைப் பிரிக்க அல்போன்சாவுக்குத் தன் உடம்பு பலம் முழுவதும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு விரலுக்கும் கூரை ஒருமுறை முனகியது, கம்பு ஒருமுறை தட்டியது. கையைக் கழுவி, வாயைத் துடைத்து, நகத்துக்குள் துணி முனையை விட்டுத் துடைத்தாள். பிறகு குடிலின் மேல் தண்ணீரை மழையாகத் தெளித்தாள், மாதாவின் மேலும் பாலனின் மேலும். நனைந்து களியானதைத் தகட்டால் அள்ளி இரட்டைப் பையில் போட்டுக் கட்டினாள். பொம்மைகளை நெம்புகோல் போட்டு நகர்த்தி அதே பையில் சேர்த்தார்கள். பையைச் செயின் புல்லி வைத்து இறக்கினார்கள். ஆபத்தான கழிவு எடுக்கும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி அதைக் கொண்டுபோனது. மூன்று ராஜாக்கள் அந்த வருஷம் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. கீழே தட்டுச் சத்தம் நின்றது. சொர்ணம் ராத்திரிவரை கம்பைக் கீழே வைக்கவில்லை.

இறங்கும்போது கனம் நிதானமாக இறங்கியது. மருந்து, இரும்புச் சத்து டானிக், பால், ராகிக் கஞ்சி. டொமினிக் தினமும் வேலை விட்டு வந்து குளித்துத் துணி மாற்றிக்கொண்டு ஒருமுறை தூக்கிப் பார்ப்பான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பாயோடு இழுக்க முடிந்தது. செப்டம்பரில் மாதாத் திருவிழா கொடியேற்றத்தன்று குழந்தை தரையை விட்டு எழும்பியது, அவன் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே கோயிலுக்கு நடந்தான். ரெமிஜியஸ் இப்போது தண்ணீர் பாட்டில் இல்லாமல் எந்த வீட்டுக்கும் போவதில்லை. வேலை இழுக்கிறது என்று வேறு ஆளை வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

ஜெசிந்தா தாமதமாகத்தான் பேசினாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், எழுத்து கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறுகிறது. பார்க்க ஒல்லிக்குச்சி, ஆனால் ஆட்டோவில் அவளை நடுவில்தான் உட்கார வைக்கிறார்கள், ஓரத்தில் உட்கார்ந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. ஒருநாள் பரிசோதனைக்குப் போனபோது, மிச்சமிருக்கிற கனம் எப்போது போகும் என்று அல்போன்சா கேட்டாள். ரத்தத்தில் இருந்தது பெரும்பாலும் போய்விட்டது, எலும்புக்குள் போய் உட்கார்ந்தது அங்கேயேதான் இருக்கும், ரொம்ப வருஷம் இருக்கும் என்றார் வீணா. சொல்லும்போது அவர் அல்போன்சாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும் டாக்டர். தூக்குறதுக்கு நாங்க இருக்கோம்" என்றாள் அல்போன்சா.

பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை அகட்டி வைத்து, மகளை இடுப்பில் ஏற்றினாள். படியில் அவர்கள் இறங்கும் சத்தம் கேட்டு, கீழே நின்றிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.