அளவெல்லாம் சரிதான்

"அதத் தொடாதீங்க அண்ணி. அது உங்களுக்கு இல்ல" என்றான் எசென், துமாரின் கையை வீலிலிருந்து மெல்ல விலக்கி.

துமாருக்குப் புரியவில்லை. கடை வாசலில் கழுவித் துடைத்து வைத்திருந்த நாலு வீலும் அவள் காருக்கென்றே வார்த்தவை போல இருந்தன. பதினைந்து அங்குலம், ஐந்து துளை, துளை வட்டம் நூறு மில்லிமீட்டர், நடுத்துளை ஐம்பத்து நாலு. மூன்று வாரமாக இந்த எண்களை முணுமுணுத்துக்கொண்டேதான் பிஷ்கெக் தெருக்களில் டாக்சி ஓட்டினாள். மூடியில்லாத சாக்கடைக் குழியில் ஒருநாள் இறங்கி ஏறியதில் வலது முன்வீல் விரிசல் விட்டிருந்தது. தினமும் காலையில் டயர் சப்பையாகிக் கிடந்தது. அதே மாதிரி வீல் ஒற்றையாக எங்கும் அகப்படவில்லை. மாற்றினால் நாலையும் மாற்ற வேண்டும். ஹைப்ரிட் காருக்கு வீல் என்பது வெறும் அலங்காரமில்லை. கனம் கூடினால் பெட்ரோலைக் குடிக்கும், விளிம்பு வெளியே தள்ளினால் திருப்பும்போது உரசும், துளை வட்டம் தவறினால் நட்டே ஏறாது. சந்தையில் ஒருவன் "பதினேழு இஞ்சு போடுக்கா, வண்டி மணப்பொண்ணு மாதிரி இருக்கும்" என்றான். "மணப்பொண்ணுக்கு நீயா தீனி போடுவ?" என்று கேட்டுவிட்டு நேரே கொழுந்தன் எசெனின் கடைக்கு வந்துவிட்டாள். கடை என்றால், மாஸ்கோவில் கட்டட வேலை பார்க்கும் அவள் கணவன் தம்பிக்கு வாங்கிக் கொடுத்த, சந்தையில் வரிசையாக நிற்கும் இரும்புக் கன்டெய்னர்களில் ஒன்று.

"அளவு சரியாத்தானே இருக்கு?"

"அளவு சரிதான். நீங்க உள்ள வாங்க."

கன்டெய்னரின் பின்பாதியில் வெல்டர் ஒருவன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு குந்தியிருந்தான். அவன் மடியில் ஒரு வீல், கால்மாட்டில் ஏழெட்டு வீல்கள். எல்லாம் நசுங்கி, கிழிந்து, விபத்துக்குப் போய் வந்தவை. விரிசலை வெல்டிங் வைத்து மூடி, ராவி, பட்டி பூசி, மேலே சாம்பல் பெயின்ட் அடித்தால் புதுசு. எசென் சமையலறையைச் சுற்றிக் காட்டும் வீட்டுக்காரி மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். எது எங்கே பிளந்திருந்தது என்பதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமை கூட இருந்தது.

"இது ஓடுமா?" என்று கேட்டாள்.

"டவுனுக்குள்ள ஓடும். மலை ரோட்டுல, குளிருல, வேகமா போய் ஒரு கல்லுல அடிச்சா..." தோளைக் குலுக்கினான். "அதான் உங்களுக்கு வேணாம்னேன். நான் சொந்த அண்ணிக்குக் குடுப்பேனா?"

தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வேறு நாலு வீல்களை உருட்டி வந்தான். கீறல் இருந்தது, ஆனால் பழுதில்லை. வெல்டர் அவள் காரை ஜாக்கியில் ஏற்றினான். எசென் தேநீர் ஊற்றி, ரொட்டியைப் பிட்டு, காகிதத்தில் சுற்றிய ஆட்டுக்கறிச் சம்சாவைப் பிரித்து வைத்தான். துமார் ஒரு வாய் கடித்தாள். ஆட்டுக்கொழுப்பு நாக்கில் உருகியபோது பெயின்ட் நெடியும் கூடவே தொண்டைக்குள் இறங்கியது. இந்த நெடி அவளுக்குத் தெரியும். எசென் வீட்டு விருந்துகளில், அவன் சட்டையில், அவன் குழந்தைகளைத் தூக்கும்போது அவர்கள் தலைமயிரில் கூட முகர்ந்திருக்கிறாள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியதும் காதில் விழுந்ததுதான். பொறாமைக்காரர்கள் என்று விட்டுவிட்டாள். விட்டுவிடுவது சுலபமாக இருந்தது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சமத் வந்தான். மலைக்கு அந்தப்புறம் தலாஸ் பக்கத்துக் கால்நடை மருத்துவன் என்று தானே சொன்னான். மெலிந்த ஆள். அவனுடையதும் அதே ரக ஹைப்ரிட் கார்தான். முன்சீட்டில் மனைவி, பின்சீட்டில் இரண்டு சிறு பெண்கள். கையில் மடித்த காகிதம், அதில் எல்லா எண்களும். வாசலில் இருந்த வீல்களுக்கு முன்னால் மண்டியிட்டு, அளவு நாடாவை நீட்டித் துளைக்குத் துளை அளந்தான். பின்பக்கம் வார்த்திருந்த எண்ணைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தான். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவனின் பொறுமை.

"அளவெல்லாம் சரிதான்" என்றான் நிம்மதியாக. "வெல்டிங் ஏதும் வெச்சதில்லையே? இன்னைக்கே கணவாய் ஏறணும். மேல பனி விழுந்திருச்சாம்."

எசென் பலகையிலிருந்த ரொட்டித் துண்டை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். "இந்த ரொட்டி மேல சத்தியம் அண்ணே. ஜப்பான்லேருந்து வந்தது வந்தபடி இருக்கு. பொய்யா இருந்தா ரொட்டி என்னை அடிக்கட்டும்."

சொல்லிவிட்டு அந்தத் துண்டைத் தேநீரில் நனைத்து வாயில் போட்டு மென்றான்.

பொய் சொல்லாத வியாபாரி எந்த ஊரிலும் இல்லை என்று துமாரும் சொல்லிப் பழகியவள்தான். ஆனால் அந்த மெல்லல்! தாடை நிதானமாக ஏறி இறங்கியது. வாயிலிருந்ததைக் காகிதத்தில் துப்பிவிட்டு எழுந்தாள்.

"உள்பக்கத்தைக் காசால சுரண்டிப் பாருங்க" என்றாள்.

சமத் நிமிர்ந்து பார்த்தான். எசெனும் பார்த்தான். வெல்டர் நட்டு முறுக்குவதை நிறுத்தினான். சமத் பையிலிருந்து ஒரு காசை எடுத்து விளிம்பின் உள்பக்கம் தேய்த்தான். பெயின்ட் சுருண்டு உரிந்தது. அடியில் பட்டி பொடியாக உதிர, புழு நெளிந்த மாதிரி வெல்டிங் தடம் தெரிந்தது.

அவன் கத்தவில்லை. வீலைக் கீழே வைத்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு துமாரின் காரையும், அதில் பாதி மாட்டியிருந்த நல்ல வீல்களையும் பார்த்தான்.

"நீங்க இவங்க வீட்டு ஆளா?"

"ஆமா."

"உங்களுக்கு மட்டும் நல்லதா எடுத்து வெச்சிருக்காங்க" என்றான். அவளிடம்தான் சொன்னான், எசெனின் பக்கம் திரும்பவேயில்லை. காரை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

"அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிக்கோங்க" என்றான் எசென். குரலில் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகம். "வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வீட்டுக்குக் கொள்ளி வெக்கிறீங்க. அவன் யாரு உங்களுக்கு?"

"கழட்டச் சொல்லு."

"எத?"

"வீல. என்னோடத மாட்டச் சொல்லு."

"அது பிளந்தது அண்ணி."

"தெரியும். பிளந்ததுன்னு தெரிஞ்சே ஓட்டுறேன்."

அவன் வெல்டரைப் பார்த்துத் தலையசைத்தான். பழைய வீல்களை மறுபடி மாட்டி முடிக்க அரைமணிக்கு மேல் ஆனது. அவள் காரில் உட்காருவதற்குள்ளேயே, சுரண்டிய வீல் உள்ளே போய், ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியை ஏற்றினாள். நெடி உள்ளே வந்துவிட்டிருந்தது. தன் சால்வையிலும் விரலிலும் அதுதான் வீசியது.

சந்தை வாசலில் கார்கள் ஊர்ந்தன. அவளுக்கு முன்னால் சமத்தின் கார் நின்றது. நாலு வீலும் மாறியிருந்தன. வேறு கடையில் வாங்கியிருக்கிறான். சாம்பல் நிறம், ஒரு கீறல் இல்லை, வெயிலில் பளபளத்தன. பின்கண்ணாடி வழியாகப் பெண்களில் ஒருத்தி துமாரைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

சுரண்டிப் பார்த்திருப்பான் என்று நினைத்தாள். நாலையுமா? உள்பக்கம் முழுக்கவா?

ஹாரன் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். அவளுக்குத்தான் ஏதோ அவசரம் என்று நினைத்த சமத் காரை ஓரம் கட்டி, ஜன்னல் வழியே கையை நீட்டி, போங்க போங்க என்று வீசினான். தூரத்தில், மலைகளின் மேல்பாதி வெள்ளையாகியிருந்தது.