சீனி முகம்மதுவின் லேகியமும் சீமைப் பெருச்சாளிகளும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், பினாங்கு சூலியா ஸ்திரீட்டில் மருந்துக்கடை வைத்திருந்த சீனி முகம்மதுவின் நிம்மதியைக் குலைத்தது ஒரு போத்தல். எதிர்க் கடைக் கண்ணாடி அலமாரியில் அது நின்றிருந்தது. சீமையிலிருந்து வந்த சத்து டானிக். அதன் வயிற்றில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளில் 'விஞ்ஞான முறையில் சோதிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

சீனி முகம்மது விற்றதும் சத்து மருந்துதான். கடுக்காய், திப்பிலி, அதிமதுரம், உலர்ந்த திராட்சை, பனங்கற்கண்டு எல்லாம் போட்டு அவரே கிளறும் லேகியம். தகர டப்பாவில் வரும். ஒரு நெல்லிக்காய் அளவு தின்றால் யானை பலம் என்று அவர் சொல்வார். ஆனால் சொல்வது அவர் ஒருவர்தான் என்பது அந்தச் சிவப்புத் தாளைப் பார்த்த நாள் முதல் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த ஆனந்தராஜாவிடம் ஒரு நாள் மனம்விட்டுப் பேசினார். ஆனந்தராஜா யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து, நிமிர்ந்து நின்றாலும் குனிந்தாற்போலவே தெரிவார்.

"தம்பி, என் லேகியத்துக்கும் அப்படி ஒரு சோதனை பண்ணிக் குடுக்க முடியுமா?"

"செய்யலாம் பாய். ஆனா மனுசரிலை முதல்லை செய்யக்கூடாது. சீமைப் பெருச்சாளியிலை செய்து பாக்கவேணும்."

"பெருச்சாளியா? சாக்கடைல ஓடுதே, அதா?"

"அது இல்லை. இது வேறை சாதி. வாலில்லாதது, முயல் போலை சாதுவான பிராணி. ஆஸ்பத்திரிக்கு ஜூலியானா டீச்சர்தான் வளத்துக் குடுக்கிறவ."

ஜூலியானா கான்வென்ட் பள்ளிக்கூடத்து ஆசிரியை. புலாவ் தீக்குஸில், மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக் கொல்லையில் கூண்டு கூண்டாகச் சீமைப் பெருச்சாளிகளை வளர்த்துவந்தார். பள்ளியில் பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு இதுகள் போடும் கீச்சுச் சத்தம் எவ்வளவோ தேவலை என்பது அவர் கட்சி.

சோதனை அவர் கொல்லையிலேயே நடக்கட்டும் என்று முடிவாயிற்று. ஒரு கூண்டில் இருப்பவற்றுக்குத் தவிடும் புல்லும் மட்டும். மற்றக் கூண்டில் அதே தவிட்டில் லேகியம் பிசைந்து கொடுக்க வேண்டும். ஞாயிறுதோறும் ஆனந்தராஜா தராசோடு வந்து நிறுப்பார். எல்லாம் ஆணாக இருப்பது நல்லது என்று அவர் கேட்டிருந்தார். ஜூலியானாவிடம் விற்றது போக மிச்சம் ஒரு கூண்டுக்குத்தான் ஆண்கள் இருந்தன. இன்னொரு கூண்டுக்கு வேண்டியதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கூடையோடு வாங்கிவந்தார்.

"எல்லாம் ஆம்பிளைதானே?" என்று ஆனந்தராஜா கேட்டார்.

"அவர் சத்தியம் பண்ணிச் சொன்னாரு சார்."

ஆனந்தராஜாவும் அதற்கு மேல் பார்க்கவில்லை. வாலைத் தூக்கிப் பார்க்கலாமென்றால் அந்தப் பிராணிக்கு வாலும் கிடையாது.

முதல் சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு லேகியக் கூண்டு கனக்க ஆரம்பித்தது. வாரத்துக்கு வாரம் தராசுத் தட்டு தாழ்ந்தது. வெறும் தவிடு தின்ற கூட்டம் அப்படியே இருக்க, லேகியம் தின்றவற்றில் பலவும் பூசணிக்காய் மாதிரி உருண்டு திரண்டு, நடக்கவே சோம்பிக் கிடந்தன.

சீனி முகம்மதுவால் உட்கார முடியவில்லை. "பாத்தீங்களா தம்பி! கண்ணால பாத்தீங்களா!"

"பாத்தனான் பாய். ஆனா கொஞ்சம் பொறுங்கோ. இது அளவுக்கு மிஞ்சின மாதிரிக் கிடக்கு. இன்னொருக்காச் செய்து பாப்பம்."

"இன்னும் என்ன பாக்கறது? ஊரே பாக்கட்டும்லா!"

அடுத்த சனிக்கிழமை அவர் கடை வாசலில் கலர்த்தாள் தோரணம் தொங்கியது. கிராமபோன் பாடியது. மேசைமேல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் ஒல்லிகள், மற்றதில் குண்டுகள். ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் காப்பிக்கடைச் சீனர், கையில் கோப்பையோடே வந்து நின்றார். சீனி முகம்மது முக்காலிமேல் ஏறி, தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றி முழங்கினார்.

"எல்லாம் ஆம்பிளைப் பிராணி! ஒரே வயசு, ஒரே தவிடு! வித்தியாசம் என் லேகியம் ஒண்ணுதான்!"

ஓரமாக நின்றிருந்த ஜூலியானாதான் முதலில் கவனித்தார். குண்டுகளில் ஒன்று மூலைக்குப் போய்க் குறுகி உட்கார்ந்தது. உடம்பு ஒரு தரம் குலுங்கியது. அதன் அடியிலிருந்து ஈரமாக, முடியோடும் திறந்த கண்ணோடும் ஒரு குட்டி வெளியே வந்தது. சற்று நேரத்தில் எழுந்து, எதுவும் நடக்காதது மாதிரி இரண்டடி ஓடியது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது.

கிராமபோன் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"ஆம்பிளைன்னு சொன்னாரே?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்.

"ஐயோ, நான் நேத்துத்தான் ஒரு டப்பா தின்னேன்!" என்று இன்னொருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அவ்வளவுதான். சூலியா ஸ்திரீட்டே சிரிப்பில் அதிர்ந்தது. காப்பிக்கடைச் சீனர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சீனி முகம்மது முக்காலியிலிருந்து இறங்கி, உள்ளே போய், மருந்துச் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னோடது பாய்," என்று ஜூலியானா கண் கலங்கச் சொன்னார். "நானே பாத்திருக்கணும்."

"என்னோடதும்தான்," என்றார் ஆனந்தராஜா. "நிறுக்கத் தெரிஞ்ச எனக்கு இதைப் பாக்கத் தோன்றேல்லை."

வேடிக்கை அதோடு முடியவில்லை. திங்கட்கிழமை காலையில், வேலைக்குப் போகுமுன் பிராணிகளை எடுத்துப்போக ஆனந்தராஜாவும் ஜூலியானாவும் வந்தபோது, கடை வாசலில் பெண்கள் கூட்டம். ஆண் பிராணியையே பிள்ளை பெற வைத்த லேகியம் என்று செய்தி கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை என்ற ஊர் வரைக்கும் போயிருந்தது. கேட்டதும் சீனி முகம்மதுவின் முகம் மலர்ந்தது. இருந்த டப்பாக்களை எல்லாம் எடுத்து முன்னால் அடுக்கச் சொன்னார்.

முதலில் நின்றவர் சித்தி ஹாஜரா. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ரயிலேறி, பிறையில் படகு பிடித்து வந்திருந்தார்.

"தம்பி, எம் மகளுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷமாச்சு. போகாத எடமில்ல. இது தின்னா உண்டாகுமா? நீங்க சொல்லுங்க, நான் நம்புறேன்."

சீனி முகம்மது டப்பாவைக் கையில் எடுத்தார். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். சீனி முகம்மது டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டார்.

"இல்ல லாத்தா. அந்தப் பெட்டியில ஆம்பிளையும் இருந்துச்சு, பொம்பளையும் இருந்துச்சு. நாங்கதான் தெரியாமப் போட்டுட்டோம். லேகியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மகள ஆஸ்பத்திரில லேடி டாக்டர்கிட்டக் காட்டுங்க. இந்தத் தம்பி கூட்டிட்டுப் போவாரு."

பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். சித்தி ஹாஜரா மட்டும் போகவில்லை. கண்ணாடிப் பெட்டியில் தவிடு கொறித்துக்கொண்டிருந்த குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு ஜோடி குடுப்பீங்களா? எம் மக இதுங்களைப் பாத்தா சிரிப்பா."

ஜூலியானா, குட்டிகள் இன்னும் கொஞ்சம் பால் குடிக்கட்டும் என்றார். சில வாரம் கழித்து மகளை டாக்டரிடம் காட்ட வந்தபோது, கூடையில் வைக்கோல் பரப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தத் திங்கட்கிழமை வியாபாரம் போனதில் சீனி முகம்மதுவுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அதைவிடப் பிடிவாதம் அதிகம் இருந்தது. "தம்பி, மறுபடியும் செய்யுங்க. இந்தத் தடவை ஒழுங்கா. என்ன வருதோ வரட்டும்."

ஜூலியானா ஒவ்வொரு பிராணியையும் மல்லாக்கப் பிடித்துப் பார்த்தார். ஆனந்தராஜாவும் பார்த்தார். பிறகு இருவரும் இடம் மாறி இன்னொரு தரம் பார்த்தார்கள். சந்தேகமில்லாத ஆண்கள் மட்டும் கூண்டுக்குள் போயின.

இந்த முறை எடையில் ஒரு மாற்றமும் இல்லை. லேகியம் தின்றதும் தின்னாததும் ஒரே மாதிரி இருந்தன. ஆனந்தராஜா தராசைத் துடைத்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் ஜூலியானா வாளியும் துடைப்பமுமாக வந்து பொரிந்து தள்ளினார்.

"சார், இன்னும் எத்தனை நாள்லா? இந்தக் கூண்டை ஒரு தடவை கழுவினாப் போதும். அந்த லேகியக் கூண்டைக் காலைல, மத்தியானம், சாயங்காலம்னு கழுவிக்கிட்டே இருக்கேன். என்ன போட்டாலும் அடுத்த நிமிஷம் வெளிய வந்துடுது!"

ஆனந்தராஜா துடைப்பதை நிறுத்தினார். "டீச்சர், இன்னொருக்காச் சொல்லுங்கோ?"

மறுநாளே கூண்டுகளை மாற்றினார். தவிடு தின்றவற்றுக்கு லேகியம். லேகியம் தின்றவற்றுக்கு வெறும் தவிடு. வாளியும் துடைப்பமும் கூண்டு மாறிப் போயின. திரும்பவும் மாற்றினார். அப்போதும் அதேதான். நோய் நொடி எதுவுமில்லை. வயிறு மட்டும் கடிகாரம் மாதிரி வேலை செய்தது.

"பாய், உங்கட லேகியம் பலத்துக்கு இல்லை. மலச்சிக்கலுக்கு அருமையான மருந்து. கடுக்காயின்ரை வேலையாத்தான் இருக்கும்."

சீனி முகம்மது லேகிய டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வாப்பா காலத்துலேர்ந்து பலம்னுதானே வித்தோம்," என்றார் கடைசியில். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். "காலைல லேசாப் போயிட்டா அதுவே பெரிய பலம்தானே தம்பி!"

புதிய சீட்டு அச்சானது. 'சீமைப் பெருச்சாளிகளில் சோதிக்கப்பட்டது. பலம் தருமென்று தெரியவில்லை. வயிறு சுத்தமாகும்.' இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்று அச்சுக்கூடத்தில் சொன்னார்கள். சீனி முகம்மது ஒப்பவில்லை. அந்த வாக்கியத்தைப் படித்துச் சிரிப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் வாங்கிப் போனார்கள். பீச் ஸ்திரீட் கம்பெனிகளில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதும் கிராணிமார், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பாய், அந்த... பெருச்சாளி மருந்து," என்று காதோடு கேட்டார்கள். அவர் அதைக் கடைக்குள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எடுத்துத் தரச் சொல்வார்.

ஒரு ஞாயிறு, ஜூலியானா வீட்டுக் கொல்லையில் மூவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சீனி முகம்மது தன் சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுத்தார்.

"தம்பி, இது நம்ம கூந்தல் தைலம். கரிசலாங்கண்ணி, மருதாணி, வெந்தயம். இதையும் சோதிச்சுப் பாத்துடலாமா?"

"எப்பிடிப் பாய்? அதுகளுக்கு உடம்பு முழுக்க மயிர்தானே கிடக்கு."

"மொட்டையா ஒண்ணுகூட எங்கிட்ட இல்லலா," என்றார் ஜூலியானா.

சீனி முகம்மது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். புலாவ் தீக்குஸ் வெயிலில் அவர் தலை துலக்கிய பித்தளைத் தட்டு மாதிரி மின்னியது.

"நான் இருக்கேன்லா," என்றார்.

ஜூலியானாவுக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. ஆனந்தராஜா எழுந்து, அந்தத் தலையை வெளிச்சத்துப் பக்கமாக மெல்லத் திருப்பி, மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார்.